பாலசுந்தரம் சாரின் கைக்கடிகாரம்

“நேரம் தவறாமைதான் முதல் வரி. மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்” என்றார் தலைமை ஆசிரியர் பாலசுந்தரம்.

கூட்டத்தில் இருந்த நல்லதம்பி வாத்தியார் கூரையைப் பார்த்தார். சிவரஞ்சனி டீச்சருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஆண்டிமடம் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற சின்னப் பள்ளி அது. பள்ளியின் தொலைநோக்கு என்ன, குறிக்கோள் என்ன என்று ஆசிரியர், பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் கூடிப் பேசி, முன்சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வியாழக்கிழமை அதிகாரி பார்க்க வருகிறார்.

எல்லாரும் கூடினார்கள். பேசியது பாலசுந்தரம் மட்டும்தான்.

“வேற யாருக்காச்சும் யோசனை இருக்கா?” என்று கடைசியில் ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தார்.

ஐந்தாம் வகுப்பு வேணி எழுந்தாள். “யாரையும் விட்டுட்டு ஆரம்பிக்க மாட்டோம். அப்படின்னு எழுதலாம் சார்.”

சார் சிரித்தார். கபடிக்கு வேண்டுமானால் அது சரிப்படும், பள்ளிக்கூடத்துக்குச் சரிப்படாது என்றார். வேணியின் அம்மா அம்பிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சத்துணவு சமையல்கார மருதாயி அவள் தொடையில் கிள்ளினாள்.

நேரத்தைப் பற்றிப் பேசத் தனக்குத் தகுதி உண்டு என்று பாலசுந்தரம் நம்பினார். தினமும் ஜெயங்கொண்டத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். ஜூன் மாதம் வேலையில் சேர்ந்த முதல் நாள் மட்டும் தாமதமாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையில் நின்று வாழ்த்துப் பாடிக்கொண்டிருக்க, வியர்த்து விறுவிறுத்து, முகம் சுண்டிப்போய், ஓரமாக வந்து நின்றார்.

அதோடு சரி. மறுநாளிலிருந்து அவர் வாசலில் காலை வைக்கவும் மணி அடிக்கவும் கச்சிதமாக இருக்கும். “என் காலும் பள்ளிக்கூட மணியும் ஒண்ணு” என்று சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

ஒரே தொந்தரவு அவருடைய கைக்கடிகாரம்தான். வீட்டில் ஒழுங்காக ஓடும். பள்ளி வாசலுக்கு வந்தால், ஒன்பது மணி அடிக்கும்போது பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம் வேகமாகக் காட்டும். ரிப்பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். கோளாறே இல்லை என்றார் கடைக்காரர். சார் கடையை மாற்றினார்.

வியாழக்கிழமை காலை, ஆண்டிமடம் போகிற மச்சான் தன் பைக்கில் அவரை நேரத்தோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

பாலசுந்தரம் உள்ளே போகவில்லை. தான் இல்லாத நேரத்தில் பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட ஓர் ஆசை. எதிர்த் தோப்பில் ஒரு முந்திரி மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சுவரடியில் பெயிண்டர் மதுரைவீரன் ஏணியைச் சாய்த்துவிட்டு, சார் வந்து சொல்லட்டும் என்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டுக்குக் கீழே, இரும்புக் கம்பியோடு நல்லதம்பி வாத்தியார் நின்றார்.

ஒன்பது பத்து ஆனது. மணி அடிக்கவில்லை.

கடிகாரத்தை நம்பாமல் செல்போனை எடுத்துப் பார்த்தார் சார். இரண்டும் ஒரே நேரத்தைச் சொல்லின.

ஒன்பது இருபதும் ஆனது. நல்லதம்பி கம்பியால் முதுகைச் சொறிந்துகொண்டாரே தவிர, அடிக்கிற வழியாக இல்லை.

நான் ஒரு நாள் கண்ணில் படவில்லை என்றால் இந்த லட்சணமா? எல்லாருக்கும் மெமோ கொடுக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்து, ஆதாரத்துக்கு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

அப்போது திருப்பத்தில் டவுன் பஸ் வந்து நின்றது. நல்லதம்பி கம்பியை ஓங்கினார். முந்திரிக் கூடையோடு ஓர் அம்மாள் இறங்கினாள். வேறு யாரும் இறங்கவில்லை. பஸ் போயிற்று. ஓங்கிய கம்பி இறங்கியது.

சாருக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்ல ரோட்டைத் தாண்டி, மதில் ஓரமாக வந்து காதைக் கொடுத்தார்.

“என்ன வாத்தியாரே, அடிக்க வேண்டியதுதானே?” என்று மதுரைவீரன் கேட்டார்.

“சார் இறங்கலியேப்பா. அடுத்த பஸ்ஸையும் பாத்துருவோம்.”

“அவரு வராம நீங்க ஆரம்பிக்கக் கூடாதா?”

வரிசையிலிருந்து வேணி பதில் சொன்னாள். “மொத நாளு லேட்டா வந்து, எங்க மூஞ்சிய பாக்க முடியாம நின்னாரு அண்ணே. பாவமா இருந்துச்சு. அதுலேருந்து சார் வந்த பெறகுதான் மணி. நாங்க எல்லாருமா சேந்து பேசி வச்சிருக்கோம்.”

“அவருக்குத் தெரியுமா?”

“ஐயய்யோ, சொல்லிராதீங்க” என்றார் சிவரஞ்சனி டீச்சர். “மனுஷன் மனசு கஷ்டப்படுவாரு. வாட்ச்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டிருக்காரு.”

பாலசுந்தரம் செல்போனைத் திறந்தார். எடுத்த போட்டோவை அழித்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றிப் போய், வாசலில் காலை வைத்தார்.

டங் என்று மணி அடித்தது.

வாழ்த்து முடியும் வரை காத்திருந்த மதுரைவீரன், பிரஷ்ஷோடு வந்தார். “சார், ‘நேரம் தவறாமை’யைக் கொட்டை எழுத்துல போட்டுரட்டுமா?”

“வேணாம்ப்பா. சுவத்துல, ‘யாரையும் விட்டுட்டு ஆரம்பிக்க மாட்டோம்’னு எழுது. வேணி சொன்னது.”

“அப்ப நேரம் தவறாமை?”

“அதை ஒரு சின்ன அட்டையில எழுதிக் குடு” என்றார் சார், கடிகாரத்தைத் தடவிக்கொண்டே. “எங்க வூட்டுல, மொகம் பாக்குற கண்ணாடி பக்கத்துல மாட்டிக்கிறேன்.”