கடைசி முறையில் வந்த கொக்கு

கூடைப்பந்துக்குப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் நாளில், போன வருஷம் ஜெயித்த ஆற்றங்கரை அணிக்குத்தான் கடைசி முறை. ஒட்டகம், மான், சிறுத்தை எல்லாம் மற்ற அணிகளுக்குப் போய்விட, அதற்கு மிஞ்சியது ஒரு கொக்கு.

இந்த வருஷமும் ஜெயிக்க வேண்டுமே என்று அந்த அணியின் அணிலுக்கு ஒரே கவலை. "ஒற்றைக் காலில் தூங்குறவன் எப்போ ஓடுறது?" என்று மரக்கிளையில் பக்கத்தில் இருந்த சக ஆட்டக்கார மைனாவிடம் பொருமியது.

"உயரமா இருக்கானே அக்கா!"

"கொடிக்கம்பமும்தான் உயரம்!"

மரத்தடியில் நின்ற கொக்கு அதைக் கேட்டுவிட்டு, கிளம்பிப் போகத் தன் மூட்டையைத் தூக்கியது.

அப்போது பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்த எதிரணிக் காக்கை, "இந்த நோஞ்சானா உங்க ஆளு?" என்று சிரித்தது.

அணில் வாலைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. "எங்க பிள்ளையைச் சொல்ல நீ யாருடா?"

காக்கை பறந்தோடியது. அணில் மரத்திலிருந்து இறங்கி, கொக்கின் முகத்தைப் பார்க்கக் கூசியபடி கேட்டது:

"சாப்பிட்டியாப்பா?"