வேலியோரத்துப் பற்றை

அவித்த நெல்லைப் பாயில் பரவி, காலால் கிண்டிக்கொண்டிருந்தேன். நெல்லைக் கண்டால் எங்கள் ஆடு விடாது. அன்றைக்கு என்னவோ எட்டியும் பார்க்கவில்லை. வேலியோரம் ஒரு பற்றைச் செடியை ஆசையாய்க் கடித்துக்கொண்டு நின்றது.

காலமை அந்த இடத்தில் பற்றையே இல்லை.

"சூ! போ சனியன்!" என்றது பற்றை.

ஆடு துரத்த வைத்திருந்த தடியை ஓங்கிவிட்டேன்.

"ஐயோ, அடிச்சுப்போடாதேங்கோ அக்கா! நான் மரியநேசன். உடையார்கட்டுக் காட்டுக்கை பயிற்சி எடுக்கிற இயக்கப் பெடியன்."

உடம்பெல்லாம் இலையும் கொப்புமாய்ப் பூவரசங்குழை கட்டியிருந்தான். முதுகுப் பக்கத்தை ஆடு மொட்டையாக்கிவிட்டது.

"ஆடு தின்னுற குழையையே தம்பி கட்டுறது?"

"நான் முல்லைத்தீவுக் கடற்கரை அக்கா. ஆட்டைப்பற்றி எனக்கென்ன தெரியும்? ஒருத்தற்றை கண்ணிலையும் படாமல் போய் வைரவர் கோயில் மணியை அடிக்கவேணும். ரெண்டு தரம் பிடிபட்டிட்டன். இண்டைக்கும் எண்டால் மாஸ்டர் பயிற்சியை நிப்பாட்டிக் குசினியிலை சமைக்க விட்டிடுவார். பெடியள் பகிடி பண்ணியே கொல்லுவாங்கள்."

வாசல் படலையடியில் சைக்கிள் சத்தம். மாஸ்டர்!

பிற ஆம்பிளையளோடு நிமிர்ந்து கதைக்காதவள் நான். பொய்யும் வராது. என்றாலும் அவனைப் பாயோரம் குப்புறப் படுக்கச் சொல்லி, வெறும் சாக்கை இழுத்து அவன்மேல் போட்டு, அதன்மேலும் நெல்லைப் பரவினேன்.

"அக்கா, இதாலை ஆரும் போனவையோ?"

"ஒருத்தரும் போகேல்லை," என்றேன், நெல்லைப் பார்த்தபடி.

பாழ்படுவான் ஆடு, சாக்குக்குள் தலையை விட்டு ஒரு குழையை இழுத்தது. சாக்கு நெளிந்தது.

"எலி," என்றேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வைரவர் கோயில் மணி டாண் டாண் என்று விடாமல் அடித்தது. மரியநேசனைத் தோளில் தூக்கிக்கொண்டு, விசிலடித்தபடி பெடியள் எங்கள் ஒழுங்கையால் போனார்கள். முதுகு மொட்டைதான். முகத்தில் ஒரு ராசகளை.

பின்னால் வந்த மாஸ்டர் படலையடியில் நின்றார்.

"பெடியன் பாஸ் அக்கா. குழை மறைக்காட்டியும் சனம் மறைச்சால் போதும். அதைத்தான் பாக்க வந்தனான்."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கும் ஒரு எலி வரும். அவனும் பூவரசங்குழைதான் கட்டுவான். ஆட்டைக் கட்டி வையுங்கோ."

எனக்கு முகம் சுட்டது. என்றாலும் விட மனமில்லை.

"இல்லை மாஸ்டர், அது மெய்யா எலிதான். நான் என்ரை ரெண்டு கண்ணாலை..."

"கமலாட்சி!" உள்ளேயிருந்து இவர் கூப்பிட்டார். "பிள்ளை எழும்பிட்டான், ஓடி வா!"