வெங்காய வாசனை

மூட்டைக்காரருக்குத் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து லாரியில் மூட்டை ஏற்றிய தோள். வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்க்காமல் இந்த வெங்காயக் கொட்டகையில் வந்து நிற்பதற்குக் காரணம், "கட்டினா இவரைத்தான்" என்று ஒற்றைக்காலில் நிற்கும் சின்ன மகள்.

மூத்தவளை ஒரு குடிகாரனுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் அழுகிறார். இன்னொரு தரம் அதே குழியில் விழுவாரா?

டீ மணி அடித்தது. வெங்காயத்தைச் சுமந்து ஓடிய நீளமான பெல்ட் நின்றது. இரண்டு பக்கமும் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கம்பியைப் பிடித்து, தலையைக் குனிந்து, கால் கட்டைவிரலைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள்.

'பாவம், நின்ன வாக்கிலேயே தூங்குதுங்க.'

ஒருவன் மட்டும் நிற்கவில்லை. மூட்டைக்காரரையும் கூட வந்திருந்த மகளையும் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியப் பாய்ந்து வந்தான். இரண்டடி வைப்பதற்குள் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, "வாங்க மாமா!" என்று கும்பிட்டான்.

அந்தக் கும்பிடு பக்கத்திலிருந்த சாக்கு மூட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

"இவர்தாம்ப்பா" என்றாள் மகள்.

"தெரியுதே. பட்டப்பகல்லயே ஏத்தியிருக்கான்."

"ஐயோ மாமா, அது இந்த பெல்ட்டு..."

"மாமாவா? அதுக்குள்ள என்னடா உறவு? ஊது!"

கொட்டகை முழுக்க வேடிக்கை பார்த்தது. பையன் காது சிவக்க, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினான். மூட்டைக்காரரின் மீசை ஆடியது. மூக்கில் வெங்காயம் தவிர வேறொன்றும் ஏறவில்லை.

"வெங்காயத்தைத் தின்னு வாடையை அமுக்கியிருக்கான். கில்லாடி!"

"வெங்காயக் கொட்டகையில வேற என்னப்பா மணக்கும்? பன்னீரா?"

"நீ பேசாதே. எத்தனை குடிகாரனைப் பார்த்தவன் நான்! என் கண்ணு பொய் சொல்லாது."

மறுபடி மணி. பையன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான். மூட்டைக்காரர் அவன் எதிரில் போய், பெல்ட்டை ஒட்டி நின்றுகொண்டார்.

"குடிச்ச கை சொத்தையைக் கோட்டை விட்டுடும். ஒண்ணே ஒண்ணு தப்பட்டும், இந்தக் கல்யாணம் கிடையாது."

வெங்காயம் உருண்டு உருண்டு ஓடியது. பையனின் கை மீன்கொத்தி மாதிரி விழுந்து எழுந்தது. விழுந்த இடமெல்லாம் சொத்தை. மூட்டைக்காரருக்குத் தோள்வலி மறந்தது. கண் இமைக்கவில்லை.

"போதும்ப்பா. பெல்ட்டையே முறைச்சுப் பார்க்காதீங்க."

"சும்மா இரு. அசந்தா விட்டுடுவான்."

அசரவில்லை. ஒரு சொத்தைகூடத் தப்பவில்லை. வேலை முடிகிற மணி அடித்து, பெல்ட் நின்றது. எல்லோரும் கம்பியைப் பிடித்துத் தலை குனிந்தார்கள். இந்தத் தடவை பையனும்.

மூட்டைக்காரர் மட்டும் மகள் பக்கம் திரும்பினார். சுவர் கிளம்பியிருந்தது.

சுவர், அடுக்கிய மூட்டைகள், மூலையில் சாத்தியிருந்த விளக்குமாறு என்று எல்லாம் ரயில் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தன. மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆனாலும் நழுவிப் போனாள்.

"ஏய், எங்கடி போற?" என்று எட்டிப் பிடித்தார். கையில் சிக்கியது பையன் கும்பிட்ட அதே சாக்கு மூட்டை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பையன் ஓடிவந்து தாங்கினான்.

"பயப்படாதீங்க. ஒரே பக்கம் ஓடுறதையே பார்த்தா கண்ணு அதுக்குப் பழகிடும். அது நின்னதும், நிக்கிறதெல்லாம் எதிர்ப்பக்கம் ஓடுற மாதிரி காட்டும். காலைப் பார்த்துக் கொஞ்சம் நின்னா அடங்கிடும். உங்களைப் பார்த்த சந்தோஷத்துல நான் நிக்காம வந்துட்டேன்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"சொல்லத்தான் வந்தேன். ஊதச் சொன்னீங்க."

மூட்டைக்காரர் மூட்டையை விடாமலே அசடு வழிந்தார். "சரி விடுங்க, மாப்பிள்ளை..."

கொட்டகை கொல்லென்று சிரித்தது. மகள் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மாப்பிள்ளையெல்லாம் அப்புறம். அவருக்கு நீங்க ஒரு ஊது பாக்கிப்பா."