ஒரு குடும்பம், ஒரு ஓட்டு

"அமெரிக்காவுல பொம்பளைங்க ஓட்டுரிமைக்கு எழுபத்தஞ்சு வயசு! பேட்ஜ் வாங்குங்க, காபிக் கோப்பை வாங்குங்க!"

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில், 1995-ம் வருஷத் தமிழ்ச் சங்க விழா. தாமரைச்செல்வி போட்ட கடை அமர்க்களப்பட்டது. அந்தக் காலத்துப் பெண்கள் இப்படித்தான் கடை போட்டு, சாமான் விற்று, போராட்டத்துக்குப் பணம் சேர்த்தார்களாம்.

'பெண்களுக்கு வாக்குரிமை' என்று எழுதிய மஞ்சள் பட்டையை முதல் ஆளாக மாட்டிக்கொண்டவர், அவள் கணவரும் சங்கத் தலைவருமான சேனாபதி. போட்டோவுக்கு அப்படியொரு போஸ்!

எதையும் வாங்காத ஒரே புண்ணியவான் ஜம்புநாதன்.

"ஆன்ட்டிக்கு ஒரு பேட்ஜாவது வாங்கிக் குடுங்க அங்கிள்."

"எதுக்கும்மா? குத்திக்கிட்டா புடவைதான் பாழாகும்." நடையைக் கட்டிவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி நாகலக்ஷ்மி, சிரித்துக்கொண்டு.

"சரியான கஞ்சப் பிசினாறி! இந்த மனுஷன்கிட்ட ஆன்ட்டி என்ன பாடு படறாங்களோ" என்று தாமரைச்செல்விக்கு வயிறெரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் வாக்கெடுப்பு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை மூடிவிட்டு, அந்தக் காசில் தீபாவளிக்குச் சென்னையிலிருந்து மெல்லிசைக் குழுவை இறக்கலாமா என்று கேள்வி. அந்த வகுப்பை ஆறு வருஷமாக நடத்துகிறவளே தாமரைச்செல்விதான். விடுவாளா? வரிசையில் போய் நின்றாள்.

ஓட்டுப் பெட்டியருகே இருந்த பிச்சுமணி நெளிந்தார்.

"உங்க வீட்டு ஓட்டை சார் போட்டுட்டாரே மேடம்! ஃபேமிலி மெம்பர்ஷிப்புக்கு ஒரு ஓட்டுதானே?"

"என்னைக் கேக்காமலா?"

பட்டையும் கழுத்துமாக நின்ற சேனாபதி சிரித்தார். "மெல்லிசை வந்தா உனக்கும் ஜாலிதானே செல்வி! நீ போய் ஸ்டாலைப் பாரு, கூட்டம் நிக்குது."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் நாகலக்ஷ்மி பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தாள். "உன் கிளாஸுக்குத்தான் போட்டேன் கண்ணு. அங்கிள் மெல்லிசைக்குப் போட்டிருக்கார், அது அவர் இஷ்டம்!"

தாமரைச்செல்வி பிச்சுமணியைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க வீட்டுக்கு மட்டும் எப்படி ரெண்டு ஓட்டு?"

"ஃபேமிலி மெம்பர்ஷிப்ல நிறையத் தள்ளுபடி உண்டுன்னு நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் மேடம். ஜம்பு சார் கேக்கவே மாட்டேங்கறார். வருஷா வருஷம் ரெண்டு பேருக்கும் தனித்தனியா முழுசாக் கட்டறார், ஆன்ட்டிக்குன்னு ஒரு ஓட்டு இருக்கணுமாம்."