குடைச் சண்டை

"ஏங்க, அந்தக் குடையைக் கொஞ்சம் மடக்குறீங்களா? நாங்க கொக்கு பார்க்க வந்தோமா, உங்க குடையைப் பார்க்க வந்தோமா?"

சாவித்திரி கேட்டதும் பரணிதரன் தலையில் கைவைத்துக்கொண்டான். கேட்டவள் அவனைப் பெற்றவள். குடைக்குச் சொந்தக்காரி பிரகதீஸ்வரியோ, அவன் காதலிக்கும் பரிதியைப் பெற்றவள்.

தற்செயலாக வந்ததுபோல் இரண்டு குடும்பத்தையும் முத்துப்பேட்டையில் ஒரே படகில் ஏற்றியது அவனும் பரிதியும் போட்ட திட்டம். அலையாத்திக் காட்டைச் சுற்றி வருவதற்குள் அம்மாக்கள் இருவரும் பழகிவிடுவார்கள், அப்புறம் பக்குவமாக விஷயத்தை உடைக்கலாம் என்று நினைத்திருந்தார்கள். வீட்டில் நேராகச் சொல்ல இருவருக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் அம்மாக்கள் ஊர்ப்பெயர் விசாரித்துக்கொண்டதோடு சரி.

"எனக்கு வெயில் ஆகாது. கொக்கு தெரியலேன்னா நீங்க தள்ளி உட்காருங்க" என்றாள் பிரகதீஸ்வரி.

"மாயவரத்துக்காரங்களுக்கு வாய்க்கொழுப்பைப் பாரு!"

"கும்பகோணத்துல மட்டும் என்ன வாழுதாம்?"

"சத்தம் போடாதீங்கம்மா, பறவையெல்லாம் பறந்துடும்" என்று வழிகாட்டி கெஞ்சினார். "இதோ பாருங்க, சேத்துக்கு மேல குச்சி குச்சியா நீட்டிக்கிட்டு இருக்கே, அதெல்லாம் வேருங்க. அது வழியாத்தான் மரம் மூச்சு விடுது."

வேரை யாரும் பார்க்கவில்லை. பரணிதரனுக்குத்தான் மூச்சு முட்டியது. எதிரே பரிதி அழுதுவிடுவாள் போலிருந்தது.

"இப்படி ஒரு மாமியார்கிட்ட மாட்டப்போற பொண்ணு பாவம்!" என்றாள் பிரகதீஸ்வரி.

"உங்க பொண்ணை எவன் கட்டப்போறானோ, அவன் தலையெழுத்து!" என்றாள் சாவித்திரி.

அதற்குமேல் பரணிதரனால் பொறுக்க முடியவில்லை. எழுந்தே விட்டான். படகு ஆடியது.

"தம்பி, உட்காருங்க!" என்று வழிகாட்டி அலறியது அவன் காதில் ஏறவில்லை.

"நான்தாம்மா கட்டிக்கப்போறேன்! எனக்குப் பரிதிதான். நீங்க ரெண்டு பேரும் எவ்வளவு அடிச்சுக்கிட்டாலும் நாங்க மாறப்போறதில்ல!"

"ஆமாம்மா" என்றாள் பரிதி, தன் அம்மாவைப் பார்த்து.

சொல்லி முடித்ததும் மாதக்கணக்காகச் சுமந்த பாரம் இறங்கியது. இனி என்ன வசவு விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று பரணிதரன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாவித்திரி மகனைத் திரும்பியும் பார்க்கவில்லை. பிரகதீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாள்.

"ஒருவழியா வாயைத் திறந்துட்டான், சம்பந்தி! போன வெள்ளிக்கிழமை நாம வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டதை இப்பவாவது இதுங்ககிட்ட சொல்லிடலாமா?"