இன்றைக்கு மூன்று லிட்டர்

“சிறுநீரகத்தில் கல் சேர்கிறது. காரணம், குடிக்கும் தண்ணீர் போதவில்லை. இன்று மூன்று லிட்டர் குடிக்கவும்” என்றது கழிப்பறைத் திரை.

சவரிமுத்து அதை இரண்டு முறை படித்தார். டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து, காலையில் கிண்ணத்தில் வைக்கும் அவருடைய சிறுநீரைச் சோதித்துத் திரை சொல்லும் அளவுக்கு மேல் ஒரு மடக்குக்கூட அவர் குடித்ததில்லை. இப்போது ஒரு செம்பு நிறையத் தண்ணீர் பிடித்து வாயருகே கொண்டுபோனார்.

மனைவி லூர்து ஓடிவந்து அதைத் தட்டிவிட்டாள்.

“குடிச்சா மூச்சு முட்டிச் செத்துருவீங்க! அது உங்க மூத்திரம் இல்ல. என்னோடது.”

அவர் சோதனைக் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“நாக்கு வறண்டு நீங்க தவிக்கதப் பாக்க முடியல. திரை சொல்ற தண்ணி அளவு கூடட்டும்னு ரெண்டு மாசமா உங்களோடதக் கொட்டிட்டு என்னோடதக் கிண்ணத்துல பிடிச்சு வச்சேன்.”

சவரிமுத்து வீங்கிக் கிடந்த தன் கால்களைப் பார்த்தார். “என்னயக் கொல்லப் பாத்திருக்கியேட்டி!” என்று கத்தினார். பிறகுதான் திரை சொன்னது உறைத்தது.

“அப்ப கல்லு உனக்கா? நீ ஏம்ட்டி தண்ணி குடிக்கல?”

“நீங்க பாத்துக்கிட்டு இருக்கையில எப்படிக் குடிக்க?”

கீழே கிடந்த செம்பை எடுத்து, நிரப்பி, அவள் கையில் கொடுத்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.