சாம்பல் நிறக் கட்டம்

எங்கள் அலுவலகத்தில் வருடாவருடம் நிரப்பும் ஆன்லைன் படிவத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதியவன் நான்தான். 'துணையை இழந்தவர்' என்று தேர்ந்தெடுத்தால், துணையின் வயதுக் கட்டம் சாம்பல் நிறமாகி மூடிக்கொள்ளும். மூடிய கட்டத்தில் யாரும் எதையும் அடிக்க முடியாது. அதில் இருப்பது சர்வருக்கும் போகாது.

என் மனைவி முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருடம் படிவத்தை நிரப்பி அனுப்பினேன். ஹெச்.ஆர். அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, உங்க வீட்டம்மா வயசு முப்பத்தேழுன்னு வந்திருக்கே?"

"பழைய டேட்டாவா இருக்கும்க்கா."

"பழசுன்னா முப்பத்தாறுல்ல இருக்கணும்?"

ஸ்கிரிப்டை வரிவரியாகப் பார்த்தேன். எள்ளளவு பிழையும் இல்லை. மறு வருடம் முப்பத்தெட்டு வந்தது. பிறகு முப்பத்தொன்பது. அக்கா கேட்பதை விட்டுவிட்டார். நான் தேடுவதை விட்டுவிட்டேன். அவள் ஒரு பிறந்தநாளையும் மறந்ததில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை இந்த வருடத்துப் படிவத்தைத் திறந்தேன். 'துணையை இழந்தவர்' என்ற தேர்வு அப்படியே இருந்தது. ஆனால் அவளுடைய கட்டம் வெள்ளையாகத் திறந்திருந்தது. அதில் நாற்பது என்று இருந்தது.

என் வயதை மாற்றப் போனேன். கர்சர் உள்ளே இறங்கவில்லை. போன வருடத்து நாற்பத்திரண்டு சாம்பல் நிறத்தில் நின்றது.